ஒரு டி-ஷர்ட்டின் அடக்கவிலை

திருப்பூரில் ஒரு பையர், அதாவது ஆர்டர் கொடுத்து வாங்குபவர், சாம்பிள் டி-ஷர்ட்டைக் கொடுத்து விலை கேட்டால், விலை போடும் மெர்ச்சண்டைசர் முதலில் இன்ச் டேப்பைத்தான் தேடுவார். உயரம் 72 செ.மீ., கை 21, தையல் மடிப்புகளுக்கு 12, மொத்தம் 105. மார்பு அகலம் 54, தையலுக்கு 3, ஆக 57. இரண்டையும் பெருக்கி, முன்பக்கம் பின்பக்கம் என்று இரண்டால் பெருக்கினால் 11,970 சதுர செ.மீ. துணியின் ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டரின் எடை, 160 கிராம் என்றால் ஏறக்குறைய 192 கிராம் வரும். கழுத்து ரிப் (கழுத்தைச் சுற்றி வரும் பட்டி), ஓரக் கழிவு சேர்த்து 200 என்று எடுத்துக்கொள்ளலாம். (இனி வரும் ரூபாய்களும் சதவீதங்களும் உதாரணத்துக்குத்தான். நூல் விலை மாதா மாதம் மாறும்.)

200 கிராம் துணிக்கு எவ்வளவு நூல் வாங்குவது? நூலைத் துணியாகப் பின்னும் நிட்டிங்கில் 2 சதவீதமும் சாயமேற்றும் டையிங்கில் 8 சதவீதமும் எடை குறையும். பலர் 10 சதவீதத்தைக் கூட்டி 220 கிராம் என்று எழுதிவிடுவார்கள். ஆனால் இழப்பு, உள்ளே போகும் எடையின் மேல்தான் கணக்காகிறது. எனவே 200-ஐ 0.92-ஆலும் 0.98-ஆலும் வகுக்க வேண்டும், விடை 221.8 கிராம். இரண்டு கிராம்கூட இல்லையே என்று தோன்றும். 50,000 பீஸ் ஆர்டரில் அது 90 கிலோவுக்கு மேல். நூல் கிலோ ரூ.250 என்றால் ரூ.22,000-க்கு மேல் துண்டு விழும்.

டையிங் கூலியில் சாயம், நீராவியோடு கழிவுநீரைச் சுத்திகரிக்கும் செலவும் அடக்கம். சாயக் கழிவால் நொய்யல் ஆறு மாசுபட்ட வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதை ஊர் இன்னும் மறக்கவில்லை.

துணியையாவது எடை போட்டுவிடலாம். தையல் செலவுதான் பிடிபடாது, ஏனென்றால் அங்கே விலைக்கு வாங்குவது நிமிடங்களை. 25 பேர் கொண்ட ஒரு லைனில், அதாவது தையல் வரிசையில், 8 மணி நேர ஷிப்டுக்கு 12,000 நிமிடங்கள். ஒரு டி-ஷர்ட்டுக்கு 10 நிமிட வேலை என்றால் 1,200 பீஸ் வர வேண்டும். ஊசி முறிவு, நூல் அறுவை, வெட்டிய துணிப் பண்டல் வரக் காத்திருப்பது என்று போய், பாதி வந்தால் 600. சம்பளம், மின்சாரம், வாடகை, சூப்பர்வைசர் எல்லாமாக அந்த லைனுக்கு நாளொன்றுக்கு ரூ.24,000 ஆகிறது. 1,200 பீஸ் வந்தால் தையல் ரூ.20, 600 வந்தால் ரூ.40. புது ஸ்டைலின் முதல் நாளில் கை பழகாமல் 300 பீஸ் மட்டுமே இறங்கினால் ரூ.80. 500 பீஸ் ஆர்டர் என்றதும் முதலாளிகள் முகம் சுளிப்பது இதனால்தான். கை பழகுவதற்குள் ஆர்டரே முடிந்துவிடும்.

எவ்வளவு உற்பத்தி செய்தாலும் சில செலவுகள் அசையாமல் நிற்கும் என்பதை இங்கிலாந்தின் பீங்கான் உற்பத்தியாளர் ஜோசையா வெட்ஜ்வுட் 1772-லேயே எழுதிக் கணக்குப் பார்த்தார். அந்த ஆண்டின் கடன் நெருக்கடியில் சரக்கு தேங்கியதுதான் அவரைக் கணக்குப் பார்க்க உட்கார வைத்தது. வாடகையும் சம்பளமும் எண்ணிக்கையைப் பார்ப்பதில்லை. அதிகம் செய்தால் ஒவ்வொன்றின் மேலும் விழும் பங்கு குறையும்.

இனி விற்பனைச் செலவு. துணி, தையல், பேக்கிங், துறைமுகம் வரை லாரி வாடகை எல்லாம் சேர்த்து அடக்கம் ரூ.180 என்போம். ஏஜென்ட் கமிஷன் 5 சதவீதம், லாபம் 10 சதவீதம் வேண்டும். 180-ன் மேல் 15 சதவீதம் கூட்டி ரூ.207 சொன்னால் லாபம் குறையும். கமிஷன் விற்கும் விலையின் மேல் போகிறது, நாம் நினைத்த லாபமும் அதன் மேல்தான். இங்கும் வகுத்தல்தான் வழி: 180-ஐ 0.85-ஆல் வகுத்தால் ரூ.211.76.

இதில் வட்டி இன்னும் வரவில்லை, அடக்கவிலை போடும் கோஸ்டிங் ஷீட்டில் அடிக்கடி விட்டுப்போவது இதுதான். நூல் வாங்கியதிலிருந்து பணம் கைக்கு வர 4 மாதம், வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம் என்றால் பீஸுக்கு ரூ.7.20. பேரம் பேசிப் பையர் ரூ.205-க்கு இழுத்துவிட்டால், கமிஷனும் வட்டியும் போகக் கையில் நிற்பது ரூ.7.55. பணம் மேலும் 2 மாதம் தள்ளிப்போனால் ரூ.3.95.