சான்றிதழ் வந்தாச்சு, பழைய பெயர் இன்னும் போனில் இருக்கிறதே

தெரிந்த திருநங்கை ஒருவர் இட்லிக் கடை வைத்திருக்கிறார். கடை முகப்பில் அவர் பெயர்தான் பெரிதாக எழுதியிருக்கும். ஒருநாள் காலை புதிதாக வந்த ஒருவர் க்யூஆர் அட்டையை ஸ்கேன் செய்தார். போனைத் திருப்பிக் காட்டி, "அக்கா, இது யாரோ ஆம்பளை பேருக்குப் போகுதே, சரியா?" என்றார். பார்சலுக்கு நின்ற நாலு பேரும் எட்டிப் பார்த்தார்கள். "சரிதான், போடுப்பா" என்று சொல்லிவிட்டு அக்கா அடுத்த தட்டை எடுத்தார். அவர் திருநங்கை என்று மாவட்ட ஆட்சியர் கொடுத்த அடையாளச் சான்றிதழ் கைக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. வந்த நாளிலிருந்து பீரோவில் பத்திரமாக இருக்கிறது. அதைக் காட்டி எங்கேயும் பெயரை மாற்றவில்லை, சிக்கலே அதுதான்.

முன்பெல்லாம் யுபிஐ செயலியில் நாமே வைத்துக்கொண்ட பெயர் தெரிந்தது. மோசடியைத் தடுக்க வேண்டும் என்று, வங்கிக் கணக்கில் பதிவான பெயரைத்தான் காட்ட வேண்டும் என இந்திய தேசியப் பணப்பட்டுவாடா கழகம் சொல்லிவிட்டது. 2025 ஜூன் 30 வரை செயலிகளுக்குக் கெடு. நல்ல நோக்கம்தான். ஆனால் வங்கியில் பழைய பெயரோடு இருக்கும் ஒருவருக்கு, ஒவ்வொரு பத்து ரூபாய்க்கும் தன்னைப் பற்றி ஊருக்குச் சொல்ல வேண்டிய நிலை.

சரி, சான்றிதழிலிருந்து தொடங்குவோம்.

ஒருவர் தன் பாலினத்தைத் தானே சொல்லிக்கொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15 அன்று நால்சா (தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு) வழக்கில் தீர்ப்பளித்தது. அதன் பிறகு வந்தது திருநர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், 2019. 2020 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது, அதே ஆண்டு செப்டம்பரில் விதிகள் வந்தன. 2019இல் வந்த அந்தச் சட்டத்தின் வரையறையில் 'திருநர்' என்றால் திருநங்கை மட்டுமல்ல, திருநம்பியும் இடைப்பாலினத்தவரும் இருந்தார்கள். நான் இங்கே சொல்வது 2019 சட்டமும் 2020 விதிகளும் முதலில் வகுத்த முறை, பிறகு அது மாறியிருக்கலாம். விண்ணப்பிக்கும் முன் தேசிய தளத்தில் உள்ள அறிவிப்புகளையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

விண்ணப்பம் மாவட்ட ஆட்சியருக்குத்தான். மத்திய சமூகநீதி அமைச்சகத்தின் திருநர் தேசிய இணையதளம் 2020 நவம்பரிலிருந்து இயங்குகிறது, அதில் வீட்டிலிருந்தே போடலாம். விண்ணப்பிக்கும் நாளில் அந்த மாவட்டத்தில் தொடர்ந்து 12 மாதம் வசித்திருக்க வேண்டும். 'நான் திருநர்' என்று ஓர் உறுதிமொழிப் பத்திரம் வேண்டும். மருத்துவச் சோதனையோ உடல் பரிசோதனையோ கேட்கக் கூடாது என்று 2020 விதியிலேயே இருந்தது. விண்ணப்பம் கிடைத்த 30 நாளில் சான்றிதழ் தர வேண்டும், கூடவே அடையாள அட்டையும் உண்டு. மறுத்தால் அந்தத் தகவல் வந்த 90 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

பத்திரத்தில் பலர் தேவைக்கு மேல் எழுதிவிடுகிறார்கள். வீட்டை விட்டு எப்போது வந்தார், எந்த ஆஸ்பத்திரியில் என்ன ஆபரேஷன், அப்பா என்ன சொன்னார் என்று டைப் அடிப்பவர் கேட்கக் கேட்க எல்லாம் போய்விடும். விதிகளில் இருக்கும் மாதிரிப் படிவம் சில வரிதான், அதற்கு மேல் ஒரு வரி வேண்டாம். ஆபரேஷன் செய்து, 'ஆண்' அல்லது 'பெண்' என்றே பதிவு வேண்டும் என்பவர்களுக்கு மட்டும் இரண்டாவது கட்டமாகத் திருத்திய சான்றிதழ். அதற்கு மருத்துவமனைக் கண்காணிப்பாளரின் சான்று கேட்பார்கள். 2020 விதிகளின்படி முதல் சான்றிதழுக்கு அந்தக் காகிதம் தேவையே இல்லை.

விண்ணப்பத்தை எங்கே உட்கார்ந்து போடுகிறோம் என்பதும் முக்கியம். ஜெராக்ஸ் கடை கம்ப்யூட்டரில் டவுன்லோட்ஸ் ஃபோல்டரை என்றாவது பார்த்திருக்கிறீர்களா? ஊரில் பாதிப் பேருடைய ஆதார், மார்க் ஷீட், கல்யாணப் பத்திரிகை எல்லாம் அதில் கிடக்கும். "என் வாட்ஸ்அப்புக்கு அனுப்பி விடுங்க, பிரிண்ட் போட்டுத் தர்றேன்" என்பார்கள், அந்தப் படம் அவர் போன் கேலரியில் குடியேறிவிடும். வேறு வழியில்லை, கடையில்தான் போட வேண்டும் என்றால் மொபைல் எண்ணும் மெயிலும் உங்களுடையதாகவே கொடுங்கள். கடைக்காரர் எண்ணைப் போட்டால் ஓடிபி, பாஸ்வேர்டு எல்லாம் அவரிடம் போகும். முடிந்ததும் லாக்அவுட் செய்து, ஃபைலை அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யச் சொல்லுங்கள். கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும்.

அடுத்தது பெயர் மாற்றம். "பேர் மாத்தணும்னா கெசட்ல போடணும்" என்று கவுன்ட்டரில் பழக்கத்தில் சொல்லி அனுப்பிவிடுவார்கள். அரசிதழ் அறிவிப்பில் என்னென்ன இருக்கும் தெரியுமா? பழைய பெயர், பெற்றோர் பெயர், பிறந்த தேதி, வீட்டு முகவரி, புதிய பெயர். தமிழ்நாடு அரசிதழ் பிடிஎஃப் ஆக இணையத்திலும் கிடைக்கிறது. யார் வேண்டுமானாலும் எந்த வருடத்திலும் எடுத்துப் படிக்கலாம், அழிக்கவும் முடியாது. மறைக்க நினைத்த ஒன்றை நாமே காசு கட்டி அச்சில் ஏற்றுகிறோம்.

அந்தப் பாதைக்குப் போகாமல் இருக்கத்தான் சான்றிதழ். சான்றிதழ் பெற்றவர் கேட்டால், ஆவணத்தை வழங்கிய அலுவலகம் பெயர், பாலினம், புகைப்படம் ஆகியவற்றை 15 நாளில் மாற்றித் தர வேண்டும் என்கின்றன 2020 விதிகள். ஆவணத்தின் எண் மட்டும் பழையபடியே இருக்கும். விதிகளின் இணைப்புப் பட்டியலில் பிறப்புச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ்கள், வாக்காளர் அட்டை, ஆதார், பான், ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட் எல்லாம் இருக்கின்றன. அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டு போங்கள். கவுன்ட்டரில் இருப்பவர் அதைப் பார்த்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

ஆதாரை முதலில் மாற்றுங்கள் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நான் அதற்கும் முன்னால் ஒன்று சொல்வேன்: ஆதாரில் எந்த மொபைல் எண் இருக்கிறது என்று பாருங்கள். பள்ளியில் படிக்கும்போது எடுத்த ஆதார் என்றால் அப்பா எண்ணோ அண்ணன் எண்ணோ இருக்கும். வீட்டில் இன்னும் சொல்லாதவர் பாலினத்தை மாற்றக் கொடுத்தால், அதைப் பற்றிய எஸ்எம்எஸ் அங்கேதான் போய் விழும். ஆதார் சேவை மையத்தில் விரல்ரேகை வைத்து எண்ணை மட்டும் மாற்றலாம், அதற்கு ஆவணம் எதுவும் தேவையில்லை. அப்புறம் மற்றதைப் பாருங்கள்.

ஆதாரில் பெயரை 2 முறையும், பாலினத்தை ஒரே ஒரு முறையும்தான் வழக்கமான முறையில் மாற்ற முடியும். இப்போது 'திருநர்' என்று மாற்றிவிட்டு, பிறகு திருத்திய சான்றிதழ் வாங்கி 'பெண்' என்று மாற்றப் போனால் மையத்தில் ஏற்காது. 1947 என்ற ஆதார் உதவி எண்ணில் பதிவு செய்து மண்டல அலுவலகம் வரை போக வேண்டும், நமக்கு அது பெங்களூருவில் இருக்கிறது. முடியாத காரியமல்ல, அலைச்சல். அதனால் கடைசியில் எந்தப் பதிவு வேண்டும் என்று யோசித்துவிட்டுப் போவது நல்லது.

'மாஸ்க்டு ஆதார் கொடுத்தால் போதும், பாதுகாப்பு' என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். அதில் மறைவது எண்ணின் முதல் 8 இலக்கம் மட்டுமே. பெயர், படம், பிறந்த தேதி, பாலினம் அப்படியே பளிச்சென்று இருக்கும், க்யூஆரை ஸ்கேன் செய்தாலும் வரும். எண் திருடு போகக் கூடாது என்பவருக்கு அது பாதுகாப்பு. பாலினத்தை வீட்டு ஓனரும் லாட்ஜ் ரிசப்ஷனும் அறிய வேண்டாம் என்பவருக்கு அது ஒன்றுமே செய்யாது. ஆதார்தான் வேண்டும் என்று அடம்பிடிக்காத இடங்களில், பாலினம் அச்சிடாத பான் கார்டைக் கொடுக்கலாம்.

ஆதாரும் பானும் மாறியபின் வங்கிக்குப் போய் கேஒய்சி திருத்தம் கொடுங்கள். வங்கியில் மாறினால்தான் யுபிஐயில் மாறும். அடுத்து சிம். அழைப்பு வரும்போது, சிம் பதிவில் உள்ள பெயரே எதிராளியின் திரையில் தெரிய வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 பிப்ரவரியில் பரிந்துரைத்தது. அது எல்லா போனுக்கும் வந்துவிட்டால் சிம் பழைய பெயரில் இருப்பது பெரிய தொல்லையாகிவிடும். உங்கள் பெயரில் எத்தனை இணைப்பு என்பதைத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம். அழைப்பவர் பெயரைக் காட்டும் ட்ரூகாலர் செயலி தனிக் கதை. அடுத்தவர் போனில் உங்களை எப்படிச் சேமித்திருக்கிறார்களோ அதிலிருந்து வருவது அது. நீங்களே கணக்குத் தொடங்கிப் பெயரைச் சரிசெய்வது ஒரு வழி.

தனியார் நிறுவனங்களிடம் உள்ள தகவலைத் திருத்தக் கேட்கும் உரிமை 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுச் சட்டத்தில் தெளிவாகவே இருக்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வந்தன. ஆனால் இந்த உரிமை உட்பட முக்கியமான பகுதிகள் 18 மாதம் கழித்துத்தான் நடைமுறைக்கு வரும் என்று வைத்திருக்கிறார்கள். எனக்கு இன்னொரு வருத்தமும் உண்டு. 2011 தகவல் தொழில்நுட்ப (ஐடி) விதிகள் மருத்துவத் தகவல், பாலியல் நாட்டம் போன்றவற்றைக் கூடுதல் பாதுகாப்பு வேண்டிய 'சென்சிட்டிவ்' தகவல் என்று தனியாகப் பிரித்திருந்தன. புதிய சட்டத்தில் அந்தப் பிரிவே இல்லை, பாலின அடையாளமும் ஷூ சைஸும் ஒரே தராசில்.

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு குழப்பம் வரும். இங்கே திருநங்கைகள் நல வாரியம் 2008லேயே வந்துவிட்டது, பலரிடம் வாரிய அட்டை இருக்கிறது. அது மாநில நலத்திட்டங்களுக்கு. தேசிய தளத்துச் சான்றிதழ் வேறு, ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரையிலான ஆயுஷ்மான் டிஜி ப்ளஸ் மருத்துவக் காப்பீட்டுக்குக் கேட்பது இதைத்தான். ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்று விட்டுவிடாதீர்கள்.

இட்லிக் கடை அக்கா போன வாரம் வங்கிக்குப் போய்விட்டு வந்தார். பெயர் மாறிவிட்டது. ஆனால் யுபிஐ ஐடி, அந்த '@' குறிக்கு முன்னால் வருகிற பகுதி, பழைய மெயிலிலிருந்து உருவானது. அதில் பழைய பெயர் அப்படியே நிற்கிறது. செயலியில் புது ஐடி உருவாக்கி, பழையதை நீக்கிவிட்டு, புது க்யூஆர் அட்டை வாங்கி ஒட்டினோம். பழைய அட்டை கண்ணாடியோடு நன்றாகப் பிடித்துக்கொண்டிருந்தது, வெந்நீர் ஊற்றித்தான் சுரண்ட வேண்டியிருந்தது.