மணி பார்த்து ஏறும் மீட்டர்

டெல்டாவில் பம்புசெட் வைத்திருப்பவர்களிடம் போய் மின்சாரத்துக்கும் நேரம் உண்டு என்று பாடம் எடுக்க வேண்டியதில்லை. மும்முனை கரண்ட் ராத்திரியில் வந்த காலத்தில், டார்ச் லைட்டோடு வரப்பில் நடந்து மோட்டார் போட்டவர்கள் அவர்கள். விவசாய மின்சாரம் இலவசம். விலையைக் கூட்டிக் குறைத்து அவர்களை வேறு நேரத்துக்கு நகர்த்த வழியில்லை என்பதால், மும்முனை வரும் நேரத்தையே அளந்து கொடுத்தார்கள். ஒரே யூனிட்டுக்கு வேளையைப் பொறுத்து வேறு வேறு விலை போடும் நேரவாரிக் கட்டணம் செய்வதும் இதே வேலைதான், சுவிட்சுக்குப் பதில் பில்லை வைத்து.

ஏன் நகர்த்த வேண்டும்? எல்லா மதகையும் ஒரே நேரத்தில் திறந்தால் கடைமடைக்குத் தண்ணீர் போகாது, அதனால் முறை வைக்கிறோம். மின்கம்பி வாய்க்காலைவிடக் கறார். வாய்க்காலில் தண்ணீர் கொஞ்ச நேரமாவது தேங்கும். கம்பியில் மின்சாரம் தேங்காது. இந்த நொடியில் எவ்வளவு எடுக்கிறோமோ, அவ்வளவும் இதே நொடியில் எங்கோ உற்பத்தியாக வேண்டும். தேவை மிஞ்சினால் ஜெனரேட்டர்களின் சுழற்சி தளர்ந்து, 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண் இறங்கத் தொடங்கும்.

சிக்கல் சாயங்காலம்தான். நண்பகலில் பொங்கி வழியும் சூரிய மின்சாரம் ஆறு மணிக்குள் வடிந்துவிடுகிறது; விளக்கும் டிவியும் ஏசியும் ஓடத் தொடங்குவது அப்போதுதான். நிலக்கரி நிலையத்தைச் சட்டென்று ஏற்றி இறக்க முடியாது. நீர்மின்சாரத்தால் முடியும். ஆனால் 250 மெகாவாட் உள்ள மேட்டூரில் தண்ணீர் திறப்பது நம் வயலுக்காக. மின்சாரம் அதில் கிடைக்கும் உபரி. கோவை மாவட்டத்துக் கடம்பாறையில் (400 மெகாவாட்) மின்சாரம் மிச்சமுள்ள நேரத்தில் தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றிவைத்து, தேவைப்படும்போது இறக்குகிறார்கள். மீதியை மின்சாரச் சந்தையில் வாங்க வேண்டியதுதான். பகலில் யூனிட் 3 ரூபாய்க்கும் கீழே கிடைத்த மின்சாரம், மாலையில் உச்சவரம்பான 10 ரூபாயைத் தொடும் நாட்கள் உண்டு.

இந்த ஏற்ற இறக்கத்தைப் பில்லுக்குள் கொண்டுவர, மீட்டருக்குள் ஒரு கடிகாரம் வேண்டும். பழைய மீட்டர் மொத்த யூனிட்டை மட்டும் கூட்டும். கடிகாரம் உள்ள மீட்டர் எந்த வேளையில் எத்தனை யூனிட் என்று தனித்தனிப் பேரேடு போடுகிறது. தமிழ்நாட்டில் உயரழுத்த இணைப்புள்ள தொழிற்சாலைகளுக்கு 2022 செப்டம்பர் கட்டண உத்தரவு விதித்தது இது: காலை 6 முதல் 10, மாலை 6 முதல் 10 வரை 25 சதவீதம் கூடுதல், இரவு 10 முதல் காலை 5 வரை 5 சதவீதம் தள்ளுபடி. கணக்குக்கு யூனிட் 8 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், உச்ச நேரத்தில் 10 ரூபாய், இரவில் 7.60.

இந்த ஆட்டத்தில் சுலபமாகத் தப்பக்கூடியது நாகப்பட்டினத்து ஐஸ் கம்பெனி. ஐஸ் பார் உறைவது, பூஜ்ஜியத்துக்கும் கீழே குளிர்ந்த உப்புக் கரைசல் தொட்டியில். மாலையில் நாலு மணி நேரம் கம்ப்ரசரை நிறுத்தினாலும், நல்ல காப்புள்ள தொட்டியாக இருந்தால் கரைசல் மெதுவாகத்தான் சூடேறும். உறைந்து நிற்கும் ஐஸ் குளிரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு டன் ஐஸ் உறையச் சுமார் 50, 60 யூனிட் ஆகும். அத்தனையையும் உச்ச நேரத்திலிருந்து இரவுக்குத் தள்ளினால் டன்னுக்கு 120 ரூபாயாவது மிச்சம். பேட்டரி என்றால் லித்தியம்தான் இருக்க வேண்டும் என்றில்லை, ஐஸும் பேட்டரிதான்.

அரிசி ஆலை பாதிதான் தப்பும். நெல் ஊற மணிக்கணக்காகும், அதற்கு மின்சாரம் பெரிதாக வேண்டாம். அவிக்க உமி எரிகிறது. உமி நீக்குவதும் தீட்டுவதும்தான் மோட்டார் வேலை, அதை மதியத்துக்கோ இரவுக்கோ தள்ளலாம். ஆனால் தை, மாசியில் சம்பா நெல் வந்து மலையாகக் குவியும்போது யார் மணி பார்ப்பார்கள்?

தப்பவே முடியாதவர் கல்யாண மண்டபக்காரர். முகூர்த்தம் காலை ஆறு, ஏழரைக்குள்; ரிசப்ஷன் மாலை ஏழுக்கு. இரண்டும் உச்ச நேரம். மண்டபத்துக்கு இதே நேரக்கணக்கு வந்தால், சலுகை வேண்டும் என்று மதியம் இரண்டு மணிக்குத் தாலி கட்டச் சொல்ல முடியுமா? கட்டணம் அவரைத் திருத்தாது, வாடகையைத்தான் ஏற்றும்.

சரி, வீட்டுக்கு? தமிழ்நாட்டில் வீடுகளுக்கு, யூனிட் கூடக்கூட விலை ஏறும் படிக்கட்டுக் கட்டணம்தான், முதல் 100 யூனிட் இலவசம். ஆனால் 2023 ஜூனில் வந்த மத்திய விதிகள், ஸ்மார்ட் மீட்டர் பொருத்தியதும் விவசாயம் தவிர எல்லோருக்கும் நேரவாரிக் கட்டணம் வேண்டும் என்கின்றன. சூரிய ஒளி நேரத்தில் குறைந்தது 20 சதவீதம் மலிவு. உச்ச நேரத்தில் வீட்டுக்குக் குறைந்தது 10 சதவீதமும், 10 கிலோவாட்டுக்கு மேற்பட்ட வணிக, தொழில் இணைப்புகளுக்கு 20 சதவீதமும் கூடுதல். இரவுச் சலுகை இனி பகலுக்கு மாறுகிறது என்பதையும் கவனியுங்கள், அது சோலார் செய்த வேலை.

5 ரூபாய் யூனிட் என்றால், பகலில் 4, மாலையில் 5.50. ஃப்ரிட்ஜைத் தள்ளிப்போட முடியாது. ஏசி புழுக்கம் வரும்போதுதான் வேண்டும். மின் ஸ்கூட்டரை மாலைக்குப் பதில் பகலில் சார்ஜ் போட்டால் 3 யூனிட்டுக்கு 4.50 மிச்சம், ஆனால் பகலில் வண்டி ஆபீஸ் வாசலில் நிற்கும். மிஞ்சுவது மாடித் தொட்டி மோட்டார். ஒரு குதிரைத்திறன் மோட்டார் அரை மணி ஓடினால் சுமார் அரை யூனிட். சாயங்காலம் போடுவதைப் பதினொரு மணிக்குப் போட்டால் தினம் 75 பைசா, இரண்டு மாதப் பில்லில் 45 ரூபாய். மறக்காமல் போட ஒரு டைமர் வாங்கினால், அந்தக் காசை எடுக்கவே எத்தனை பில் ஆகுமோ.