தத்து நிறுவனத்தில் சமூகப் பணியாளர் இருக்கிறாரா?

பெங்களூர் அல்சூரில் வாடகை வீட்டில் இருக்கும் ஒரு தம்பதி, தத்தெடுக்கப் பதிவு செய்து ஏழு மாதங்கள் ஆகியும் வீட்டு விசாரணைக்கு ஒருவரும் வரவில்லை என்று என்னிடம் சொன்னார்கள். நிறுவனத்திற்குப் போய்க் கேட்டபோதெல்லாம் "மேடம் லீவு", "புது மேடம் இன்னும் சேரவில்லை" என்ற இரண்டு பதில்களே மாறி மாறிக் கிடைத்திருக்கின்றன. அந்த மேடம் என்பவர் நிறுவனத்தின் சமூகப் பணியாளர். அவருடைய நாற்காலி காலியாக இருந்ததை யாரும் இவர்களிடம் வாய்விட்டுச் சொல்லவில்லை.

2015 ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படி, குழந்தைகளை வைத்துப் பராமரிக்கும் எந்த இல்லமும் 41 ஆம் பிரிவின் கீழ்ப் பதிவு பெற வேண்டும். தத்து கொடுப்பதற்கு 65 ஆம் பிரிவின் கீழ்ச் சிறப்புத் தத்து நிறுவனம் என்ற தனி அங்கீகாரமும் வேண்டும். முதலாவது மட்டும் இருக்கும் இல்லங்கள் "நாங்கள் அரசுப் பதிவு பெற்றவர்கள்" என்று சொல்லிக்கொள்வது பொய்யாகாது, ஆனால் உங்களுக்கு அதனால் பயன் இல்லை. அறக்கட்டளைப் பதிவு எண்ணைக் காட்டினால் அதுவும் போதாது. பதிவுச் சான்றிதழுக்கு ஆயுள் ஐந்து ஆண்டுகள்தான் என்பதால், சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கும் சான்றிதழில் தேதியைப் படித்துப் பாருங்கள்.

பணியாளர் விஷயத்தில் மத்திய அரசுத் திட்டம் பத்துக் குழந்தைகள் கொண்ட நிறுவனத்திற்கு ஒரு மேலாளர், ஒரு சமூகப் பணியாளர், ஒரு செவிலியர், பகுதிநேர மருத்துவர், ஆறு ஆயாக்கள், ஒரு காவலாளி என்று கணக்கு வைத்திருக்கிறது. ஆய்வு நாளில் இந்தப் பெயர்கள் எல்லாம் பதிவேட்டில் இருக்கும். மறுநாள் எத்தனை பேர் வருகிறார்கள் என்பதைக் கேட்பாரில்லை. பெற்றோருக்கு நேரடியாக அடி விழுவது சமூகப் பணியாளர் இல்லாதபோதுதான். உங்கள் வீட்டிற்கு வந்து, குடும்பத்தாரிடம் பேசி, வீட்டு ஆய்வறிக்கையை எழுதி, காரா எனப்படும் மத்தியத் தத்து வள ஆணையத்தின் இணையதளத்தில் ஏற்ற வேண்டியவர் அவர். அந்த அறிக்கை ஏறாதவரை உங்களுக்கு எந்தக் குழந்தையின் விவரமும் காட்டப்படாது.

இந்த அறிக்கை, நீங்கள் ஆவணங்களைக் கொடுத்த 60 நாட்களுக்குள் முடிய வேண்டும் என்பது விதி. நிறுவனத்தால் அந்தக் காலத்திற்குள் முடியாவிட்டால், மாநிலத் தத்து வள முகமையோ மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகோ வைத்திருக்கும் பட்டியலிலிருந்து ஒரு சமூகப் பணியாளரை நீங்கள் கேட்டுப் பெறலாம். நான் பார்த்தவரை எந்த நிறுவனமும் இதைத் தானாகச் சொன்னதில்லை. எனவே 61 ஆம் நாள் நிறுவனத்திற்குப் போய் மறுபடி காத்திருக்காமல், மாவட்ட அலகிற்குக் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். "வாயால் சொன்னால் போதும், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்பவரிடமும் முத்திரையைக் கேளுங்கள். வாயால் சொன்னதற்கு ஆறு மாதம் கழித்து எந்தச் சாட்சியும் இருக்காது.

ஓசூர், வேலூர், சேலம் பக்கத்திலிருந்து வந்து இங்கே பல ஆண்டுகளாக வாழும் நம்மவர்கள் அதிகம் சிக்குவது முகவரியில். விசாரணை நடப்பது நீங்கள் இப்போது வசிக்கும் வீட்டில். ஆதாரில் இருப்பதோ ஊர் முகவரி. பதிவு செய்வதற்கு முன்பே முகவரியை மாற்றிவிடுங்கள். பிறகு மாற்றப் போனால் பெங்களூர் நிறுவனம் ஊருக்கு அனுப்பும், ஊரில் உள்ளவர்கள் பெங்களூருக்கு அனுப்புவார்கள்.

வீட்டு ஆய்வறிக்கைக்கான கட்டணம் 6,000 ரூபாய். ரசீது இல்லாமல் கொடுக்க வேண்டாம். ஆயாக்களுக்குச் சம்பளம் கொடுக்க முடியவில்லை, கட்டட நிதிக்கு ஏதாவது செய்யுங்கள் என்று கேட்டாலும், தத்தெடுக்க வந்தவரிடம் நன்கொடை வாங்குவது விதிப்படி தடை செய்யப்பட்டது. கேட்கும் நிறுவனத்தின் மேல் எழுத்துமூலம் புகார் கொடுக்கலாம். வீட்டுப்படி ஏறாமல் தொலைபேசியிலேயே கேள்விகளை முடித்துக் கையெழுத்துப் போடுகிறேன் என்பவரையும் ஏற்காதீர்கள். அறிக்கை மூன்று ஆண்டுகள் செல்லும். அதில் உள்ள தவறும் அத்தனை காலம் உங்கள் பெயரில்தான் இருக்கும்.

அல்சூர்த் தம்பதி முத்திரை வாங்கிய நகலோடு திரும்பினார்கள். சில வாரங்களில் பட்டியலிலிருந்து ஒருவர் வந்து, பாட்டியிடம் மட்டும் அரை மணி நேரம் பேசிவிட்டுப் போனார்.