கிளைடர் மிதப்பதில்லை

தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவைப் பற்றி எதை வாசித்தாலும் 'மிதவை விமானம்' வந்து நிற்கிறது. எஞ்சின் இல்லாமல் பறக்கும் கிளைடரைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். ராமநாதபுரம் பக்கம் ஒரு பள்ளிப் பலகையில் 'மிதவை விமான மாதிரி செய்யும் பயிற்சி' என்று எழுதியிருந்ததைப் பார்த்த பாம்பன்காரர் ஒருவர், "இது கடல்ல எறங்குமாண்ணே?" என்றார். அவர் கேட்டதில் என்ன தப்பு? இந்தக் கரையில் மிதவை என்றால் வலையில் கட்டுவது, தண்ணீரில் கிடப்பது. சக்கரத்துக்குப் பதிலாக அடியில் மிதவை பொருத்தி நீரில் இறங்கும் விமானம் நிஜமாகவே இருக்கிறது. அதன் பெயரைக் கிளைடருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டால் அதை என்னவென்று அழைப்பது?

கிளைடர் என்ற சொல்லின் வேர் எளிது. பழைய ஆங்கிலத்தில் 'கிளீடன்' என்றால் வழுக்கிச் செல்லுதல். மிதப்பு அதில் இல்லை.

பொருளிலும் இல்லை. எஞ்சின் இல்லாத கிளைடர், தன்னைச் சுற்றியுள்ள காற்றில் எப்போதும் இறங்கிக்கொண்டேதான் இருக்கும். இழக்கும் உயரம்தான் அதற்கு வேகம். நல்ல கிளைடர் ஒரு மீட்டர் இறங்குவதற்குள் 30, 40 மீட்டர் முன்னே போய்விடும். பால்சா என்ற லேசான கட்டையில் மாதிரி செய்யும் பையனைக் கேளுங்கள். மூக்கில் கொஞ்சம் களிமண் ஒட்டி, மூக்கு லேசாகத் தாழ்ந்திருக்க எறிவான். அண்ணாந்து எறிந்தால் ஒரு கணம் நின்று பொத்தென்று விழும். மிதக்கிற பொருள் அப்படி விழுமா?

'பருந்து மிதக்கிறதே' என்பார்கள். உச்சிப்புளி கடற்படை விமானத் தளத்துக்கே பருந்து என்றுதான் பெயர். அங்கே உச்சிவெயிலில் அண்ணாந்து பார்த்தால் நிஜப் பருந்து இறக்கை அசையாமல் வட்டமிடும். அதுவும் காற்றில் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. சுடுமணலிலிருந்து கிளம்பும் காற்று அதைவிட வேகமாக ஏறுவதால் பறவையும் மேலே போகிறது. கவிதையில் மிதக்கட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? பாடக்குறிப்பில் கூடாது.

என் ஓட்டு 'சறுக்கு விமானம்'. சறுக்கு என்றால் விழுவதுபோல் இருக்கிறது, அபசகுனம் என்று ஒருவர் சண்டைக்கு வந்தார். பூங்காவில் பிள்ளையைச் சறுக்குமரத்தில் ஏற்றிவிடும்போது சகுனம் பார்த்தாரா? அதுவும் பிடிக்காவிட்டால் கிளைடர் என்றே எழுதுங்கள், குடிமுழுகிப் போகாது. பிள்ளைகள் அப்படித்தான் சொல்கிறார்கள்.

அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டுகிற வேலை இதோடு நிற்கவில்லை. அதே பலகையில் பயிற்சி பெறும் மாணவரான கேடட்டும் 'பயிற்சியாளர்', சொல்லிக்கொடுப்பவரும் 'பயிற்சியாளர்'. 'பயிற்சியாளர்கள் காலை ஆறு மணிக்கு அணிவகுக்க வேண்டும்' என்றால் யார் போய் நிற்பது? படைக்கே மாணவர் படை என்றுதானே பெயர், 'படை மாணவர்' என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்?