திருமயம் கோட்டை ஏன் தாமதமாக வந்தது?

கானாடுகாத்தானில் என் அக்கா வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் ஒரு மர மேசை. அதன் மேல் கணினி, பக்கத்தில் ஒரு பழைய ஜாய்ஸ்டிக். சென்ற கோடை விடுமுறையில் அக்கா மகன் அங்கே உட்கார்ந்து, மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் என்ற விமானம் ஓட்டும் மென்பொருளில் திருச்சி விமான நிலையத்திலிருந்து செஸ்னா 172 ஒன்றைக் கிளப்பினான். தெற்கே திரும்பி, புதுக்கோட்டையைத் தாண்டி, சொந்த ஊரின் மேல் ஒரு வட்டம் அடிக்க வேண்டும் என்பது அவன் ஆசை. அந்தச் சிறு விமானம் மணிக்குச் சுமார் 220 கிலோமீட்டர் வேகத்தில் போகும். இருபது நிமிடப் பயணம்தான்.

திருமயத்தை நெருங்கியதும் படம் நின்றது. கோட்டை இருக்க வேண்டிய இடத்தில் பச்சையும் பழுப்பும் குழைந்த ஒரு கறை. அரை விநாடி கழித்து விமானம் ஒரே தாவலாக முன்னே குதித்தது. பாறையும் அதைச் சுற்றிய ஊரும் அதற்குப் பிறகுதான் துலங்கின.

"கிராபிக்ஸ் கார்டு போதவில்லை, அம்மான். புதிதாகத்தான் வாங்க வேண்டும்" என்றான்.

நான் திரையைப் பார்க்கவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் காதை வைத்திருந்தேன். படம் நின்ற ஒவ்வொரு முறையும் உள்ளே இருந்து கடகடவென்று ஒரு சத்தம் வந்தது. படம் ஓடத் தொடங்கியதும் சத்தம் அடங்கியது. அது கோப்புகளைச் சேமித்து வைக்கும் ஹார்ட் டிஸ்க்கின் முள் இங்கும் அங்கும் ஓடும் சத்தம். குற்றவாளி, திரைக்கான படத்தை வரையும் கிராபிக்ஸ் கார்டு அல்ல என்பது அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

திரையில் நகரும் எந்தப் படமும் அசையாப் படங்களின் வரிசை. விநாடிக்கு 60 படம் என்றால் ஒரு படத்தை வரைந்து முடிக்கக் கணினிக்குக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லி விநாடி. 30 படம் என்றால் 33 மில்லி விநாடி. அதற்குள் வரவேண்டியது வராவிட்டால் பழைய படமே திரையில் நிற்கும்; அதைத்தான் நாம் திக்கல் என்கிறோம். சராசரி எண்ணை நம்பி ஏமாறுபவர்கள் மிகுதி. 59 படங்கள் தலா 10 மில்லி விநாடியில் வந்து, ஒரே ஒரு படம் மட்டும் 400 மில்லி விநாடி எடுத்துக்கொண்டது என்று வையுங்கள். மொத்தம் 990 மில்லி விநாடி. சராசரி விநாடிக்கு 60 படத்துக்கு மேல் என்று மென்பொருள் காட்டும். ஆனால் கண், அந்த 400 மில்லி விநாடியை மட்டுமே நினைவில் வைத்துக்கொள்ளும். ஆகவே வேகத்தைவிட முக்கியமானது, தாமதமாக வரும் அந்த ஒற்றைப் படம் ஏன் தாமதமாகிறது என்பது. இதைப் பிடித்துக்கொண்டால் மற்ற அமைப்புகள் எல்லாம் தாமாகவே விளங்கும்.

கல்யாண வீட்டுப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். இலை போட்டாகிவிட்டது. பரிமாறுபவர் கையில் சாம்பார் வாளி இருக்கிறது. இலைக்கு இலை தயங்காமல் போகிறார். வாளி தீர்ந்தால் அடுப்படிக்குப் போய் அண்டாவில் மொண்டு வர வேண்டும். அண்டாவும் தீர்ந்து, பருப்பு மூட்டையே காரைக்குடிச் சந்தையிலிருந்து வர வேண்டும் என்றால் பந்தி நின்றுவிடும். பரிமாறுபவர் எவ்வளவு சுறுசுறுப்பானவராக இருந்தும் பயன் இல்லை. கிராபிக்ஸ் கார்டின் சொந்த நினைவகம்தான் வாளி. கணினியின் ரேம் நினைவகம் அண்டா. கோப்புகள் கிடக்கும் டிஸ்க்தான் சந்தை.

இவற்றுக்கு இடையே உள்ள தூரம் நாம் நினைப்பதைவிடப் பெரிது. ரேமிலிருந்து ஒரு தகவலை எடுக்கச் சுமார் 100 நானோ விநாடி ஆகிறது. அதை ஒரு விநாடி என்று பெரிதாக்கிப் பார்ப்போம். அதே கணக்கில், சுழலும் தட்டுக்குப் பதிலாகச் சில்லுகளில் சேமிக்கும் எஸ்.எஸ்.டி.யிலிருந்து எடுப்பதற்குப் பதினேழு நிமிடம் ஆகும். பக்கத்துத் தெருக் கடைக்கு நடந்து போய்த் திரும்பும் நேரம். ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எடுப்பதற்கு முப்பத்து மூன்று மணி நேரம்; சென்னையில் ரயில் ஏறி டெல்லியில் இறங்கும் நேரம்.

ஹார்ட் டிஸ்க் இப்படி இருப்பதற்குக் காரணம் அது ஓர் இயந்திரம் என்பதுதான். நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் தட்டு ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி விநாடி எடுத்துக்கொள்கிறது. வேண்டிய இடம் முள்ளுக்கு அடியில் வந்து சேரச் சராசரியாகப் பாதிச் சுற்று, அதாவது 4 மில்லி விநாடிக்குச் சற்றுக் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும். அதற்கு முன் முள் சரியான வட்டத்துக்கு நகர இன்னும் 8 மில்லி விநாடி. ஒரு சிறு கோப்பைத் தேடி எடுக்கவே 12 மில்லி விநாடி போய்விடுகிறது. மூன்று சிறு கோப்புகள் வேண்டும் என்றால், விநாடிக்கு 30 படம் என்ற எளிய இலக்கே தவறிவிடும். எஸ்.எஸ்.டி.யில் சுழலும் பொருள் எதுவும் இல்லை; ஒரு தேடலுக்கு ஏறத்தாழ 0.1 மில்லி விநாடி.

பழைய விமான மென்பொருள்கள் ஹார்ட் டிஸ்க்கிலேயே ஓடினவே என்று கேட்கலாம். அதற்கு விடை சொல்ல, தரைக்கற்களுக்குப் பேர்போன ஆத்தங்குடிக்குப் போக வேண்டும். அங்கே கண்ணாடிச் சில்லின் மேல் இரும்பு அச்சை வைத்து, அச்சின் கட்டங்களில் வண்ணச் சிமெண்ட்டுக் குழம்பை ஊற்றுகிறார்கள். அச்சை எடுத்துவிட்டு, மேலே மணலும் சிமெண்ட்டும் இட்டுக் கல்லாக்குகிறார்கள். அச்சு ஒன்றுதான்; கற்கள் ஆயிரம். வீட்டு வளவு (முற்றத்தைச் சுற்றிய கட்டு) முழுக்க விரிந்து கிடக்கும் தரையின் கோலத்தை நினைவில் வைத்துக்கொள்ள ஒரு கல்லைப் பார்த்தால் போதும். 2006-இல் வந்த ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸ் இந்த முறையில்தான் நிலத்தை வரைந்தது. வயல் என்றால் ஒரு தொகுப்பு, ஊர் என்றால் ஒரு தொகுப்பு. அவற்றையே திரும்பத் திரும்பப் பதித்தது. ஒரு முறை ரேமுக்குள் வந்துவிட்டால் பிறகு டிஸ்க்குக்கு வேலை குறைவு. சிவகங்கைச் சீமையும் வேறொரு நாட்டுச் சமவெளியும் ஒன்று போலவே தெரிந்தன என்பதுதான் அதன் விலை.

2020 ஆகஸ்டில் வந்த மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் அந்த அச்சைத் தூக்கி எறிந்தது. பூமியின் ஒவ்வோர் இடத்துக்கும் அந்தந்த இடத்தின் செயற்கைக்கோள் படம். சேவையகங்களில் கிடக்கும் அந்தத் தொகுப்பின் அளவு 2 பெட்டாபைட்டுக்கும் மேல். ஒரு டெராபைட் டிஸ்க்குகளை அடுக்கினால் இரண்டாயிரம் வேண்டும். நம் கண்மாய் நம் கண்மாயாகவே தெரிகிறது. அதில் எனக்கு உண்டான மகிழ்ச்சி சொல்லி மாளாது. ஆனால் திருமயத்தின் படத்தைத் தேவகோட்டைக்குப் பயன்படுத்த முடியாது. விமானம் நகர நகரப் புதிய நிலம் இணையத்தின் வழியாகவும் டிஸ்க்கின் வழியாகவும் வந்துகொண்டே இருக்க வேண்டும். பார்வைத் தூரத்தை இரண்டு மடங்காக்கினால் வரவேண்டிய நிலப்பரப்பு நான்கு மடங்காகிறது. நில விவரத்தின் தூரத்தை அமைப்புகளில் 200 என்று வைத்திருந்தான் என் மருமகன். அதை 100 ஆக்கச் சொன்னேன். அடிவானம் சற்று மங்கியது. அந்த இழப்பு எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

ஒரு முறை இணையத்தில் வந்த நிலத்தை டிஸ்க்கில் சேமித்து வைக்க 'ரோலிங் கேஷ்' என்று ஓர் அமைப்பு உண்டு. அதன் கோப்பு எந்த டிஸ்க்கில் இருக்கிறது என்பதை நாமே தேர்ந்தெடுக்கலாம். அவன் கணினியில் அது ஹார்ட் டிஸ்க்கில் இருந்தது. இணையத்தை மிச்சப்படுத்த வைத்த பொருள், படத்தை நிறுத்தும் பொருளாக மாறியிருந்தது. எஸ்.எஸ்.டி.க்கு மாற்றினோம். மென்பொருளையும் அங்கேயே நிறுவினோம். கடகடச் சத்தம் போயிற்று; திக்கலில் பெரும்பகுதியும் போயிற்று.

எஸ்.எஸ்.டி. வாங்குவோர் பெட்டியில் அச்சிட்ட வேகத்தைப் பார்த்துக் கூடுதல் பணம் தர வேண்டாம் என்பது என் கருத்து. பழைய சாட்டா வகை விநாடிக்குச் சுமார் 550 மெகாபைட் தரும்; புதிய என்.வி.எம்.இ. வகையில் 7,000-உம் அதற்கு மேலும் தருபவை உண்டு. அது பெரிய கோப்பை ஒரே மூச்சில் படிக்கும்போது கிடைக்கும் எண். பறக்கும்போது நடப்பது சிறு கோப்புகளைத் தேடித் தேடி எடுப்பது. ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எந்த எஸ்.எஸ்.டி.க்கு மாறினாலும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும், ஓர் எஸ்.எஸ்.டி.யிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் அவ்வளவு தெரியாது. அதில் ஐந்தில் ஒரு பங்கு இடத்தைக் காலியாக விடுங்கள். நிரம்பி வழியும் எஸ்.எஸ்.டி. எழுதும்போது தடுமாறும். என்.வி.எம்.இ. சில்லு அளவுக்கு மீறிச் சூடானால் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சித்திரை வெயிலில் காற்றோட்டம் இல்லாத மூலையில் பெட்டியைத் தள்ளி வைப்பவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

அடுத்தது அண்டா. அவனிடம் 8 ஜிபி ரேம் இருந்தது. அந்த மென்பொருளுக்கு அதுதான் குறைந்தபட்சம், பரிந்துரை 16. 2024 பதிப்பிலோ குறைந்தபட்சமே 16, பரிந்துரை 32. ரேம் போதாதபோது விண்டோஸ் நிரலை உடனே நிறுத்திவிடுவதில்லை. சற்று நேரமாகத் தொடாத பகுதிகளை, ஒவ்வொன்றும் 4 கிலோபைட் கொண்ட பக்கங்களாக, டிஸ்க்கில் உள்ள பேஜ் ஃபைல் என்ற கோப்புக்கு நகர்த்துகிறது. மறுபடி அந்தப் பக்கம் வேண்டும் என்றால் போய் எடுத்து வருகிறது. அண்டாவில் இருந்த சாம்பாரைச் சந்தைக்குத் திருப்பி அனுப்பிவிட்டு, பிறகு அங்கிருந்து கொண்டு வருவது போன்றது இது.

இதைக் கேள்விப்பட்ட யாரோ, "பேஜ் ஃபைலையே அணைத்துவிடு, எல்லாம் ரேமிலேயே நடக்கும்" என்று அவனுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அவனும் அணைத்துப் பார்த்திருக்கிறான். மதுரையில் இறங்க ஓடுதளம் தெரியும் நேரத்தில் மென்பொருள் சொல்லாமல் கொள்ளாமல் மூடிக்கொண்டது. காரணம் இதுதான்: நிரல்கள் உடனே பயன்படுத்தாத நினைவகத்தையும் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளும். விண்டோஸ் வாக்குக் கொடுக்கக்கூடிய மொத்த அளவு, ரேமும் பேஜ் ஃபைலும் சேர்ந்தது. பேஜ் ஃபைலை எடுத்துவிட்டால் அந்த எல்லை சட்டென்று சுருங்குகிறது; ரேமில் இடம் மிச்சம் இருக்கும்போதே கேட்பவருக்கு இல்லை என்று பதில் போகிறது. ஆகவே பேஜ் ஃபைலை அணைக்காதீர்கள். எஸ்.எஸ்.டி.யில் வைத்து, அளவை விண்டோஸே தீர்மானிக்க விடுங்கள். அதைப் பயன்படுத்த வேண்டிய தேவையை ரேம் கூட்டிக் குறையுங்கள்.

'ரேம் சுத்தம் செய்யும்' மென்பொருள்களையும் நீக்கச் சொன்னேன். காலியாகத் தெரியாத ரேம் எல்லாம் வீணான ரேம் அல்ல. அண்மையில் படித்த கோப்புகளை விண்டோஸ் அங்கேயே விட்டு வைக்கிறது. மறுபடி கேட்டால் டிஸ்க்குக்குப் போகாமல் கொடுக்கலாம் என்பதற்காக. வேறு நிரலுக்கு இடம் வேண்டும் என்றால் அந்த நொடியே விட்டுக் கொடுத்துவிடும். அதைத் துடைத்தெடுப்பது, பந்தி நடக்கும்போதே அண்டாவைக் கவிழ்த்துக் கழுவும் வேலை.

ரேமை 32 ஜிபி ஆக்கியபோது 16 ஜிபி பலகை இரண்டாக வாங்கினோம். இரண்டு பலகைகளைச் சரியான பள்ளங்களில் செருகினால் இரண்டு தடங்களில் தகவல் போகும். டி.டி.ஆர்.4-3200 வகையில் ஒரு தடத்துக்கு விநாடிக்கு 25.6 ஜிபி, இரண்டு தடத்துக்கு 51.2. ஆனால் 3200 என்று அச்சிட்ட பலகை பல கணினிகளில் 2133 அல்லது 2400 வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய பயாஸ் என்ற அமைப்புத் திரைக்குள் போய் எக்ஸ்.எம்.பி. என்ற அமைப்பை இயக்கினால்தான் காசு கொடுத்த வேகம் கிடைக்கும். அவன் கணினியிலும் அது அணைந்தே கிடந்தது. ஒரு பொத்தானில் முடியும் காரியம் இது.

இனி வாளி, அதாவது கிராபிக்ஸ் கார்டின் நினைவகம். 4096-க்கு 4096 புள்ளிகள் கொண்ட ஒரு மேற்பரப்புப் படத்துக்குச் சுருக்காமல் 64 மெகாபைட் வேண்டும். வழக்கமான முறையில் சுருக்கினால் 16. தூரத்துப் பார்வைக்கான சிறு பிரதிகளையும் சேர்த்தால் 21. ஒரு பயணிகள் விமானத்தின் ஓட்டுநர் அறைக்கு இப்படி 40 படங்கள் என்று கொண்டால், அறைக்கு மட்டும் 850 மெகாபைட். 6 ஜிபி கார்டு எவ்வளவு விரைவில் நிரம்பும் என்று பாருங்கள். நிரம்பிவிட்டால் மிச்சம் கணினியின் ரேமில் தங்கும். ஒவ்வொரு முறையும், கார்டைக் கணினியோடு சேர்க்கும் இணைப்புத் தடம் வழியாக வர வேண்டும். ஆர்.டி.எக்ஸ். 3060 போன்ற கார்டுக்குள் விநாடிக்கு 360 ஜிபி பாயும். நான்காம் தலைமுறை இணைப்புத் தடத்தில் 32 ஜிபிகூட முழுதாக வராது. படத்தின் நீள அகலத்தைப் பாதியாக்கினால் இடம் கால் பங்காகிவிடும். எனவே படத் தரத்தை 'அல்ட்ரா' என்ற உச்சநிலையிலிருந்து ஒரு படி இறக்குவது கண்ணுக்குச் சிறிய இழப்பு, வாளிக்குப் பெரிய நிம்மதி.

கடைசியாக, படங்களின் எண்ணிக்கைக்கு விநாடிக்கு 30 என்று வரம்பு வைத்தோம். 45-க்கும் 28-க்கும் இடையே ஏறி இறங்கும் ஓட்டத்தைவிட நிலையான 30 கண்ணுக்கு மென்மையாக இருக்கிறது. ஒரு படத்தை 20 மில்லி விநாடியில் முடித்துவிட்டால் மீதி 13 மில்லி விநாடியில் அடுத்த ஊரின் நிலத்தை எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

எல்லாம் தீர்ந்துவிடவில்லை. கூட்டமான பெரிய விமான நிலையங்களில் இன்னும் கொஞ்சம் இழுக்கிறது. அங்கே விமானங்களும் கட்டடங்களும் மிகுதி. எல்லாவற்றையும் கணக்கிடும் முதன்மைச் செயலியின் ஒற்றை இழைக்குத்தான், அதாவது ஒன்றன் பின் ஒன்றாக வேலை செய்யும் ஒரே வரிசைக்குத்தான், அந்தச் சுமை. ரேமும் டிஸ்க்கும் அதற்கு மருந்தாகா. மென்பொருளின் அமைப்புகளில் விமானப் போக்குவரத்தின் அளவைக் குறைத்தால் சற்றுத் தணிகிறது.

புறப்படுவதற்கு முந்தைய நாள் மாலை அவனுக்குக் கோட்டையூர் அழகப்பச் செட்டியாரின் கதையைச் சொன்னேன். லண்டனை அடுத்த குராய்டனில் விமானம் ஓட்டும் உரிமம் பெற்றவர். பிறகு ஜூபிடர் ஏர்வேஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கி டக்கோட்டா விமானங்களை இயக்கியவர். அவன் உடனே செஸ்னாவை விட்டுவிட்டு, மென்பொருளில் இருந்த டக்கோட்டாவைத் தேடி எடுத்தான். திருச்சியிலிருந்து அதே வழி. திருமயம் பாறை தூரத்திலேயே தெளிவாகத் தெரிந்தது. நெருங்கியபோதும் படம் நிற்கவில்லை. கண்மாய்களின் கரை, ஓட்டுக் கூரைகளின் நீண்ட வரிசை, இரண்டாம் உலகப் போர்க் காலத்துச் செட்டிநாட்டு ஓடுதளத்தின் வெளிறிய தடம் எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. சக்கரத்தை இறக்கிவிட்டு, "அம்மான், சத்தமே இல்லை" என்றான். பெட்டியின் பக்கம் காதைச் சாய்த்துப் பார்த்தேன். விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.