ஸ்பொன்சர்: அனுசரணையா, உபயமா, பிணையா?

கல்முனையிலோ மட்டக்களப்பு நகரிலோ ஒரு மென்பந்துச் சுற்றுப்போட்டி அறிவிக்கப்பட்டால், எத்தனை அணி என்று கேட்பதற்கு முதல் "இந்தமுறை ஸ்பொன்சர் ஆரு?" என்றுதான் கேட்பார்கள். ஏப்ரல் விடுமுறையில் இராட்டினமும் மரணக்கிணறும் கொண்டு வந்து இறக்கும் கானிவல்காரரும் இதே சொல்லோடுதான் கடைவீதியில் ஏறி இறங்குகிறார்கள். "ஹாஜியார், ரீசேட்டுக்கு ஒரு ஸ்பொன்சர் தரணும்" என்று கேட்கும் இளைஞர் எதிர்பார்ப்பது நன்கொடை. அதே சொல்லோடு கடிதம் பெறும் வங்கி முகாமையாளர் எதிர்பார்ப்பது விளம்பரம். ஒரே சொல்லில் இரண்டு எதிர்பார்ப்பு இருப்பதால், போட்டி முடிந்த மறுவாரமே மனக்கசப்பு வந்துவிடுகிறது. சொல் எங்கிருந்து வந்தது, தமிழில் எதற்கு எதை எழுதுவது என்று தெரிந்துகொண்டால் அந்தக் கசப்பில் பாதியைத் தவிர்க்கலாம்.

மூலம் லத்தீன். 'ஸ்பொந்தேரே' என்றால் முறைப்படி வாக்குக் கொடுத்தல். பழைய ரோமச் சட்டத்தில் வாய்மொழி ஒப்பந்தம் ஒரே வினைச்சொல்லால் நடந்தது. ஒருவர் "ஸ்பொந்தெஸ்னே?", அதாவது "வாக்களிக்கிறாயா?" என்று கேட்க, மற்றவர் "ஸ்பொந்தெயோ", "வாக்களிக்கிறேன்" என்று அதே சொல்லாலேயே பதில் சொல்ல வேண்டும். கேள்வியும் பதிலும் பொருந்தினால் ஒப்பந்தம் கட்டும். இன்னொருவருடைய கடனுக்காக அப்படி வாக்குக் கொடுத்தவரே 'ஸ்பொன்சர்', நம் மொழியில் பிணைகாரர். கிரேக்கத்தில் இதன் உறவுச் சொல்லான 'ஸ்பொந்தே', தெய்வத்தின் முன் மது வார்த்தலைக் குறித்தது. உடன்படிக்கைகள் அப்படி வார்த்தே உறுதி செய்யப்பட்டன. நிச்சயிக்கப்பட்ட மணமக்களைக் குறித்த லத்தீன் சொற்களும் இந்த வேரிலிருந்தே கிளைத்தவை. ஆக, சொல்லின் அடியில் காசு இல்லை, வாக்குத்தான் இருக்கிறது.

கிறித்தவம் அச்சொல்லைத் திருமுழுக்குக்கு எடுத்துக்கொண்டது. குழந்தைக்காக வாக்குறுதி சொல்லும் ஞானத்தாயும் ஞானத்தந்தையும் ஸ்பொன்சர்கள் ஆனார்கள். நிகழ்ச்சிக்குப் பணம் செலுத்துபவர் என்ற பொருள் மிகப் பிந்தியது. 1930களில் அமெரிக்க வானொலியில் சவர்க்காரக் கம்பனிகள் தொடர் நாடகங்களுக்குக் காசு கொடுத்த காலத்தில் அது வேரூன்றியது. இலங்கையில் 1950இல் தொடங்கிய வானொலி வர்த்தக சேவையே கம்பனிகள் 'வழங்கும்' நிகழ்ச்சிகளை வீட்டுக்குள் கொண்டுவந்தது. இன்று பதாகைகளில் காணும் 'வழங்கும்' என்ற சொல்லுக்கு அந்தக் காலத்து மணம் இன்னும் உண்டு.

பழைய பிணைப் பொருள் நம் ஊர்களில் செத்துப்போகவில்லை. "மகள் ஸ்பொன்சர் பண்ணிக் கனடாவுக்குக் கூப்பிட்டாள்" என்னும்போது அங்கே விளம்பரம் ஏதும் கிடையாது. வருபவருடைய செலவுக்கு நான் பொறுப்பு என்று அரசுக்குக் கொடுக்கும் உறுதிதான் இருக்கிறது. சவூதிக்கும் கட்டாருக்கும் போய்வந்த ஏறாவூர், சாய்ந்தமருதுக்காரர் 'கபீல்' என்பார்கள். அந்த அரபுச் சொல்லின் நேர்ப்பொருளும் பிணை நிற்பவரே. இந்த இடங்களில் தமிழில் பிணையாளர், பொறுப்பாளர் என்று எழுதுவதே சரி. இங்கே அனுசரணையாளர் என்று எழுதினால் பொருள் கெடும்.

அனுசரணை வடமொழிச் சொல். 'அனு' என்றால் பின்னால், 'சரணம்' என்றால் செல்லுதல்: பின்தொடர்தல், ஒத்துப்போதல். தமிழகத்தில் இன்றும் "அனுசரணையாகப் பேசினார்" என்றால் இதமாக, விட்டுக்கொடுத்துப் பேசினார் என்றே விளங்குவார்கள். இலங்கையில்தான் அது ஸ்பொன்சருக்கு நிலைத்த சொல்லாகியது. பிரதான அனுசரணை, இணை அனுசரணை, ஊடக அனுசரணை என்று குடும்பமாகவே வளர்ந்திருக்கிறது. 2015இல் ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைப் பேரவையின் 30/1 தீர்மானத்துக்கு இலங்கை 'இணை அனுசரணை வழங்கியது' என்று நாளேடுகள் எழுதியபோது, காசே இல்லாத அரசியல் பொருளிலும் இச்சொல் நின்றது. சிங்களத்தில் இதற்கு 'அனுக்கிரக' என்று தொடங்கும் சொல்தான் வழக்கு. அதை அப்படியே பெயர்த்துத் தமிழ்ப் பதாகையில் 'அனுக்கிரகம்' என்று போட்டால், நம்மவர் கோயில் அருள் என்று வாசிப்பார்கள்.

தமிழகத்தில் வழங்கும் 'விளம்பரதாரர்' விளம்பரம் செய்பவர் எல்லோரையும் குறிக்கும். போட்டிக்குப் பொறுப்பேற்கும் பொருள் அதில் இல்லை. 'தாரர்' என்ற ஒட்டு பாரசீகத்திலிருந்து வந்தது, சந்தாதாரரில் உள்ளதும் அதுவே. 'புரவலர்' அழகான பழஞ்சொல். சங்கப் பாடல்களில் இரவலருக்கு எதிர்ச்சொல்லாக நிற்கும். புரத்தல் என்றால் காத்தல். கொடுத்துக் காப்பவர் பதிலுக்கு மார்புப் பட்டையில் தன் இலச்சினையைக் கேட்கமாட்டார். ஆகவே நூல் வெளியீட்டுக்கும் கலைஞரைத் தாங்குபவருக்கும் புரவலரை வைத்துக்கொள்வோம். தொலைபேசிக் கம்பனியைப் புரவலர் என்பது மிகை.

இந்த மண்ணில் ஆழ வேரூன்றிய சொல் 'உபயம்'. மாமாங்கம், கொக்கட்டிச்சோலை போன்ற கோயில்களில் திருவிழா நாட்கள் குடிகளுக்கும் ஊர்களுக்கும் பங்கிடப்பட்டிருக்கும். அன்றைய பூசை, அலங்காரம், மேளம், அன்னதானம் அனைத்துக்கும் அந்த நாளின் உபயகாரரே பொறுப்பு. மூன்றாம் திருவிழா இன்ன குடியாருடையது என்று ஊருக்கே தெரியும். பந்தலில் பெயர் எழுதாவிட்டாலும் உபயம் உபயமே. பெயர் போடுவது நன்றிக்கு, கணக்குத் தீர்க்க அல்ல. புலம்பெயர்ந்த பிள்ளைகள் தகப்பனாரின் ஞாபகார்த்தக் கிண்ணத்துக்கு அனுப்பும் பணமும் இந்த வகைதான். அதை அனுசரணை என்று எழுதுவது அந்தக் குடும்பத்தைக் கடைக்காரராக்குவது போலாகும். 'ஞாபகார்த்தக் கிண்ணமும் பணப்பரிசும்: இன்னாரின் குடும்பத்தார் உபயம்' என்பதே பொருத்தம்.

அப்படியானால் அனுசரணை எங்கே தொடங்குகிறது? கொடுப்பவர் பதிலுக்கு ஒன்றைக் கேட்கும் இடத்தில். அவர் வாங்குவது ரசிகரின் பற்றை. தன் அணியின் உடுப்பில் இருக்கும் பெயரை ரசிகர் தினமும் பார்க்கிறார், அணியின் மீதுள்ள அன்பில் ஒரு துளி அந்தப் பெயருக்கும் ஒட்டிக்கொள்கிறது. கம்பனி விலை கொடுப்பது அந்த ஒட்டுதலுக்கு.

இதில் ஆக உயர்ந்த படி போட்டியின் பெயரையே வாங்குவது. உலகக் கிண்ணக் கிரிக்கெட்டின் பெயர்களைப் பாருங்கள்: 1975, 1979, 1983 மூன்று முறையும் புருடென்ஷல் கிண்ணம், 1987இல் ரிலையன்ஸ், 1992இல் பென்சன் அண்ட் ஹெட்ஜஸ், இலங்கை வென்ற 1996இல் வில்ஸ். கடைசி இரண்டும் சிகரெட். 1999இலிருந்து அந்தக் கிண்ணம் கம்பனிப் பெயரைச் சுமப்பதில்லை. இலங்கையில் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் புகையிலை, மதுசார விளம்பரத்தோடு அவற்றின் அனுசரணையையும் தடை செய்தது. உள்ளூர்க் கழகமும் இதற்குள் அடக்கம்.

1996இல் அனுசரணைக்காரர் மறக்காத இன்னொன்றும் நடந்தது. அதிகாரபூர்வப் பானம் என்ற உரிமையை கொக்கா கோலா வாங்கியிருக்க, அதிகாரபூர்வம் என்பதையே கேலி செய்த விளம்பரத்தால் பெப்ஸி பேச்சைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. காசு கட்டாமல் கூட்டத்தின் கவனத்தைப் பிடிக்கும் இந்த வேலையைத் தமிழில் 'பதுங்கு விளம்பரம்' எனலாம். நம் மைதானங்களிலும் இது உண்டு. உள்ளே ஒரு தொலைபேசிக் கம்பனி அனுசரணை, வாசலுக்கு வெளியே போட்டிக் கம்பனியின் குடையும் சிம் விற்பனையும். மைதானத்தின் உட்புறம் கழகத்தின் கையில், வீதி கையில் இல்லை. ஆகவே 'வளாகத்தின் உள்ளே' தனியுரிமை என்று மட்டுமே எழுதிக் கொடுக்க வேண்டும்.

கேளிக்கைப் பூங்காக்கள் இந்தக் கலையை முதலிலேயே பழகியவை. 1955இல் கலிபோர்னியாவில் திறந்த டிஸ்னிலாண்டின் சிறு ரயில், சாந்தா ஃபே ரயில் கம்பனியின் பெயரோடுதான் ஓடியது. பின்னர் பூங்காவே விளையாட்டு ரசிகரைத் தேடிப் போனது. 1987 ஜனவரி 25 அன்று அமெரிக்கக் கால்பந்தின் சுப்பர் போல் இறுதியாட்டத்தில் வென்ற நியூயோர்க் ஜயன்ட்ஸ் அணியின் ஃபில் சிம்ஸ், அடுத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்ற கேள்விக்கு டிஸ்னி வேர்ல்டுக்குப் போகிறேன் என்றார். அது திடீரென வந்த பதிலல்ல, முன்கூட்டியே எழுதப்பட்ட ஒப்பந்தம். புளோரிடாப் பூங்காவுக்கு ஒரு தடவையும் கலிபோர்னியாப் பூங்காவுக்கு ஒரு தடவையுமாக அவர் இருமுறை சொல்லவேண்டியிருந்தது. வெற்றியின் வியர்வை காய முன்னர் ரசிகரின் மகிழ்ச்சியோடு பூங்காவின் பெயரைக் கட்டிவிட்டார்கள். அந்த விளம்பரம் இன்றுவரை தொடர்கிறது.

அந்தக் கணக்கு மட்டக்களப்பு வெபர் மைதானத்துக்கும் பொருந்தும், அளவுதான் சிறிது. அனுசரணைக் கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக்கூடாது. போட்டியின் பெயர், திகதி, இடம், அணிகள், கேட்கும் தொகை, பதிலுக்குக் கொடுப்பது: எத்தனை பதாகை, என்ன அளவு, எந்த இடம், உடுப்பில் மார்பா கையா, அறிவிப்பில் எத்தனை தடவை, நேரலையில் எந்த மூலை. 'தக்க முறையில் விளம்பரம் செய்யப்படும்' என்ற வரி பயனற்றது, பிறகு சண்டை அதில்தான் பிறக்கும். வங்கிகளின் கணக்காண்டு ஜனவரியில் தொடங்குகிறது. ஏப்ரல் போட்டிக்கான கடிதம் முந்திய ஒக்டோபர், நவம்பரில் போனால் அடுத்த ஆண்டின் ஒதுக்கீட்டில் ஏறும். பங்குனியில் போய் நின்றால் கிளை முகாமையாளர் தன் அதிகாரத்துக்குள் தரக்கூடிய சிறுதொகைதான் கிடைக்கும்.

காசோலை கழகத்தின் பெயரில் இருக்க வேண்டும். கழகம் பதிவில்லாமல் செயலாளரின் சொந்தக் கணக்கு இலக்கத்தைக் கொடுத்தால், கம்பனியின் கணக்குப் பிரிவு நிறுத்திவிடும், பணம் போட்டிக்குப் பிறகும் வராது. இரண்டு வங்கியை, இரண்டு குளிர்பானத்தைச் சேர்க்க முன்னர் முதலாமவரிடம் கேளுங்கள். பிரதான அனுசரணை என்று காசு கட்டியவர் தன் போட்டியாளரின் பதாகையைப் பக்கத்தில் கண்டால் அடுத்த ஆண்டு வரமாட்டார்.

இனிப் பதாகை. கம்பனியின் இலச்சினையை வட்ஸ்அப்பில் படமாக வாங்கினால் அது சுருங்கிவிடும், 8 அடி 4 அடி ஃபிளெக்ஸில் விளிம்பெல்லாம் பூத்துப் போகும். எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாத வெக்டர் கோப்பையே கேட்க வேண்டும். நடுவருடத்தில் அடிக்கும் கச்சான் காற்று கட்டும் கண்ணையே கிழித்துக்கொண்டு போகும். மேலும் கீழும் 2 அடிக்கு ஒரு கண் வைத்து, நடுவில் எழுத்தில்லாத இடங்களில் பிறைவடிவ வெட்டுகள் இட்டால் காற்று ஊடே போய்விடும்.

இடம் பார்ப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். ஆட்டம் பிற்பகலில் நடக்கும், வெயில் மேற்கிலிருந்து வரும். ஆகவே கமெராவை மேற்கே வைத்து, பிரதான பதாகையைக் கிழக்கு எல்லையில் கட்டினால் வெளிச்சம் எழுத்தில் விழும். மேற்கில் கட்டிய பதாகை நேரலையில் கறுப்புத் துணியாகவே தெரியும். கிரிக்கெட்டில் பந்துவீச்சாளரின் கைக்கு நேர் பின்னால் எதையும் கட்டக்கூடாது. பல நிற எழுத்துக்குள்ளிருந்து வரும் பந்து துடுப்பாட்டக்காரருக்குத் தெரியாது, அவர் முறையிட்டால் நடுவர் கழற்றச் சொல்வார். கானிவலில் எல்லோரும் வாசல் வளைவுக்கே போட்டி போடுவார்கள். ஆனால் சனம் அதைச் சில வினாடியில் கடந்துவிடும். இராட்டினத்துக்கு ரிக்கெற் எடுக்கும் வரிசையில்தான் கால்மணி நேரம் நிற்கும், பதாகையை வாசிப்பதும் அங்கேதான். ரிக்கெற்றின் பின்பக்கமும் நல்ல இடம். களியாட்ட வரிக்காக உள்ளூராட்சி சபையில் முத்திரை குத்தக் கொடுக்கும் முன்னரே அதை அச்சிட்டு முடிக்க வேண்டும்.

போட்டி முடிந்து 2 வாரத்துக்குள் பதாகை, உடுப்பு, பரிசளிப்பு ஆகியவற்றின் படங்களைத் திகதியோடு ஒரு கோப்பாக அனுசரணையாளருக்கு அனுப்புங்கள். அவர் தன் தலைமையகத்துக்குக் காட்டக் கையில் வேறொன்றும் இருக்காது.

எழுத்துப் பிழை ஒன்று அடிக்கடி கண்ணில் படுகிறது. 'அனுசரனை' அல்ல, கடைசியில் மூன்று சுழி ணை. வினையாக்கும்போது 'அனுசரித்தார்' என்று எழுதினால் விட்டுக்கொடுத்தார் என்றாகும். 'அனுசரணை வழங்கினார்' என்பதே சரி. அழைப்பிதழில் மூன்று வகை உதவியையும் கலக்காமல் இப்படிப் போடலாம்: மேலே 'இன்ன கம்பனியின் பிரதான அனுசரணையில்', வெற்றிக்கிண்ணத்துக்கு 'இன்னாரின் குடும்பத்தார் உபயம்', தண்ணீரும் பந்தலும் தந்த கடைகளுக்குக் கடைசி வரியில் 'பொருளுதவி'.