இறகைப் பார்ப்பதற்கு முன் முள்ளைப் பாருங்கள்

மழை முடிந்து கண்மாய்கள் நிறைந்துவிட்டால், காரைக்குடியில் இருக்கும் எங்கள் தூண்டில் கடையில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: “அண்ணே, விரால் நல்லா அடிக்குதுண்ணே, ஆனா ஏற மாட்டேங்குது. ராடை மாத்தணுமா?”

“ஃப்ளையைக் கொடுங்க தம்பி” என்றுதான் முதலில் கேட்பேன். ஃப்ளை என்றால் இறகும் ரோமமும் வைத்துக் கட்டிய தூண்டில் முள். முள்ளின் முனையைக் கட்டைவிரல் நகத்தின் மேல் சாய்வாக வைத்து, அழுத்தாமல் மெல்ல இழுத்துப் பார்ப்பேன். கூரான முள் நகத்தில் உடனே பிடித்து நிற்கும், மழுங்கியது வழுக்கிக்கொண்டு போகும். இப்படி வருகிற ஃப்ளைகளில் பெரும்பாலானவை வழுக்கத்தான் செய்கின்றன. ராடுக்கும் (தூண்டில் கம்பு) லைன் சுற்றும் ரீலுக்கும் ஆயிரக்கணக்கில் செலவழித்தவர்கள் முள்ளின் முனையை ஒருமுறைகூடத் தொட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள். இதை எழுத வைத்ததே அந்த ஆதங்கம்தான்.

ஃப்ளை தூண்டில் நம் பக்கம் புதிது. ஈயக் குண்டு கட்டி வீசுவதில்லை, லைனின் (தூண்டில் கயிறு) எடைதான் ஃப்ளையைக் கொண்டுபோய்ப் போடுகிறது. ஸ்ட்ரீமர் என்றால், முள்ளின் மேல் இறகும் முயல் ரோமமும் வைத்துக் கட்டி, சின்ன மீன் நீந்துவதுபோல் இழுத்துக் காட்டும் ஃப்ளை. குஞ்சு மீன்களைத் துரத்தித் தின்னும் விராலுக்கு ரொம்பப் பொருத்தம். ஆனால் மீன் அடித்ததும் பலர் பழக்க தோஷத்தில் ராடைத் தூக்கிவிடுகிறார்கள். ராடு வளைந்து விசையைத் தானே வாங்கிக்கொள்கிறது. ராடை மீனை நோக்கித் தாழ்த்தி வைத்து, இடது கையால் லைனை நேராகச் சுண்டி இழுக்க வேண்டும். அப்படிச் சரியாக இழுத்தாலும், எலும்பும் பல்லுமாக இருக்கிற விரால் வாயில் மழுங்கிய முள் இறங்காது.

முள்ளை வாங்கும்போது கம்பியின் தடிமனை ராடோடு சேர்த்து யோசியுங்கள். தடித்த கம்பி எளிதில் நிமிராது, ஆனால் உள்ளே இறங்க அதிக விசை கேட்கும். ராடுக்கு எண் கூடக் கூட வலு கூடும். 8-ம் எண் ராடு 1/0, 2/0 அளவுத் தடித்த முள்ளை ஏற்றிவிடும். 5-ம் எண் ராடில் அதையே கட்டினால் மீன் கவ்வும், முள் ஏறாது. அதற்கு மெல்லிய கம்பியில் 4 அல்லது 6 போதும். (எண் கூடக் கூட முள் சிறிது. 1-க்கு மேலே 1/0, 2/0 என்று பெரிதாகிக்கொண்டு போகும்.) ஒரு கம்பெனியின் 2 இன்னொரு கம்பெனியின் 2-க்குச் சமமாக இருக்காது. அதனால் எண்ணைவிட, முனைக்கும் தண்டுக்கும் நடுவில் இருக்கும் வாய் அகலத்தைப் பாருங்கள். அந்த வாயை அடைத்துக்கொண்டு ரோமத்தைத் திணித்துக் கட்டினால், எவ்வளவு நல்ல முள்ளும் வீண்தான்.

ஸ்ட்ரீமர் நீளமாகத் தெரிய நீளத் தண்டு முள் வாங்குகிறவர்கள் உண்டு. மீன் தலையை உதறும்போது அந்த நீளத் தண்டே நெம்புகோலாகி முள்ளைப் பிடுங்கிவிடும். நான் வாடிக்கையாளர்களுக்குச் சொல்வது வேறு முறை: முள்ளில்லாத உலோகத் தண்டில் உடம்பைக் கட்டி, பின்னால் பின்னல் தூண்டில் நரம்பு வளையத்தில் குட்டைத் தண்டு முள் ஒன்றைக் கோத்துவிடுவது. முள் மழுங்கினால் அதை மட்டும் கழற்றி மாற்றலாம். அரைமணி நேரம் உட்கார்ந்து கட்டிய ஃப்ளையைத் தூக்கிப் போட வேண்டியதில்லை.

நம் கண்மாய்களில் முனையைக் கெடுப்பது பெரும்பாலும் கருவேல மரம். தண்ணீருக்குள் நிற்கும் கட்டையில் மாட்டினாலோ, கலுங்குக் கல்லில் உரசினாலோ, அடுத்த வீச்சுக்கு முன் நகத்தில் வைத்துப் பாருங்கள். மழுங்கியிருந்தால் சின்ன வைர அரத்தால் முனையை நோக்கி ஒரே திசையில் இரண்டு மூன்று இழுப்பு, பக்கத்துக்கு ஒன்றாக. அதிகம் தேய்த்தால் முனை மெலிந்து மடங்கும், மேல்பூச்சும் போய்த் துரு சீக்கிரம் ஏறும். வளைந்துபோன முள்ளைக் குறடால் நிமிர்த்திப் பயன்படுத்தாதீர்கள். ஒருமுறை வளைந்த இடம் பலமிழந்துவிடும், அடுத்த பெரிய மீனுக்கு அங்கேதான் ஒடியும்.

துரு விஷயத்தில் முயல் ரோமம்தான் பெரிய வில்லன். வெளியே காய்ந்ததுபோல் இருக்கும், உள்ளே தண்டைச் சுற்றி ஈரம் அப்படியே நிற்கும். நனைந்த ஃப்ளையை அன்றே பெட்டியில் வைத்து மூடினால் பக்கத்தில் இருக்கும் முட்களும் துருவேறும். ராத்திரி முழுக்கக் காற்றாடத் தொங்கவிட்டு அப்புறம் வையுங்கள். தொண்டிப் பக்கம் உப்புத் தண்ணீரில் போட்டிருந்தால் முதலில் நல்ல தண்ணீரில் அலசுங்கள். கோடையில் கண்மாய் வற்றி, பெட்டி மாதக்கணக்கில் பரணில் கிடக்கும். அடுத்த மழைக்குப் பிறகு எடுக்கும்போது ஒவ்வொரு முள்ளின் வளைவையும் பாருங்கள். மேலாகப் படிந்த துரு துடைத்தால் போகும். குழி விழுந்திருந்தால் கழித்துவிடுங்கள்.

முனைக்குக் கீழே பின்பக்கமாகக் கிளம்பி நிற்கும் சின்ன முள்தான் பார்ப். அதைக் குறடால் அமுக்கிவிடுங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். முள் சுலபமாக இறங்கும், மீனை அதிகம் காயப்படுத்தாமல் விடவும் முடியும். தண்ணீர் மேல் செம்மஞ்சளாகக் குஞ்சுகள் திரளாக மிதந்தால், கீழே தாய் தகப்பன் விரால் காவல் நிற்கிறது என்று அர்த்தம். அங்கே ஸ்ட்ரீமரைப் போட்டால் காவலுக்கு நிற்கிற மீன் பாய்ந்து அடிக்கும். தயவுசெய்து போடாதீர்கள். அதைப் பிடித்துவிட்டால் குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்று தீர்த்துவிடும்.

கழித்த முள்ளையும் அறுந்த நரம்பையும் கரையில் போடவே கூடாது. மேய வரும் ஆடு மாடு, செருப்பில்லாமல் ஓடும் பிள்ளைகள், கொக்கு, நாரை எல்லாம் புழங்கும் கரை அது. வேட்டங்குடிக்கு வரும் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி போடாத ஊர்க்காரர்கள் இருக்கும் மாவட்டம் நம்முடையது. மூடி இறுகும் பழைய மாத்திரை டப்பா ஒன்று பையில் இருந்தால் போதும்.

ஸ்ட்ரீமர் வீசும்போது தலைக்குப் பின்னால் முள் வேகமாக வரும். தொப்பியும் கண்ணாடியும் இல்லாமல் நிற்காதீர்கள், பின்னால் யாரையும் நிற்க விடாதீர்கள். கையில் குத்தி ஆழமாக இறங்கினால் வலுக்கட்டாயமாகப் பிடுங்காமல் மருத்துவமனைக்குப் போய், டி.டி. ஊசி தேவையா என்றும் கேளுங்கள். கண்ணிலோ கண்ணுக்குப் பக்கத்திலோ குத்தினால் முள்ளைத் தொடவே வேண்டாம். நரம்பை மட்டும் வெட்டிவிட்டு, முள் அசையாமல் நேரே கண் மருத்துவரிடம் போங்கள்.